கத்தி, ஒன்று

எடின்பரோ ஆவணக் காப்பகத்தில்
பேனாவை வாசலிலேயே வாங்கிக்கொண்டு
பென்சில் ஒன்று தருகிறார்கள்.
விக் துறைமுகத்தில் மீன் லாரி ஓட்டுகிறவன் நான்.
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு
இன்றுதான் பென்சில் பிடிக்கிறேன்.

தேடி வந்தது சின்க்ளேர் ஸ்வான்சனை.
தாத்தாவின் அண்ணன்.
வீட்டில் அவனுக்கு மிஞ்சியது ஒரே வாக்கியம்:
"பிரான்ஸில் செத்தான், கல்யாணமாகவில்லை."
காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

உயில் என்றதும் முத்திரை, அரக்கு என்று நினைத்திருந்தேன்.
சம்பளப் புத்தகத்தில் கிழித்த தாள்,
உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.
"என் சாவு நேர்ந்தால்
என் உடைமை மொத்தமும்
ஜெஸ்ஸி மோவட்டுக்கு."
முகவரியில் தெரு இல்லை, கதவெண் இல்லை:
"மீன் போகிற இடம். கோடையில் லெர்விக்,
அக்டோபர் என்றால் யார்மத்."
யார்மத்தில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.

சாட்சிக் கையெழுத்து எங்கே என்றேன்.
படைவீரனுக்கு அது வேண்டாமாம்.
சாட்சி சொல்ல வேண்டியவர்களும்
அதே பள்ளத்தில்தானே படுத்திருந்தார்கள்.

அடுத்தது பேரேடு.
பாக்கிச் சம்பளம் ஆறு பவுன், இரண்டு ஷில்லிங், நாலு பென்ஸ்.
தொலைந்த போர்வைக்குப் பிடித்தம் போக.
(செத்தவனிடம் பிடித்தம்!)
பெற்றவர்: ஜெ. மோவட்.
தேதி இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறது.
மீனைத் துரத்திப் போனவளை
அரசாங்கக் கடிதம் துரத்தியிருக்கிறது,
துறை துறையாக.

பிறகு உடைமைப் பட்டியல்.
புகைக்குழல், ஒன்று.
கடிதங்கள், ஒரு கட்டு.
காலுறை, ஒற்றை.
கத்தி, ஒன்று, சிறியது.
அனுப்பியது: தாய், திருமதி பார்பரா ஸ்வான்சன், பல்ட்னிடவுன்.
பணம் பிரித்த எழுத்தர் உயிலைப் படித்திருக்கிறார்.
பொட்டலம் கட்டியவர் படிக்கவில்லை.

அங்கே என் பென்சில் நின்றது.

அந்தக் கத்தியை எனக்குத் தெரியும்.
என் சமையலறையில், அடுப்புக்கு இடப்பக்க இழுப்பறையில்,
தீர்ந்த பேட்டரிகளோடு கிடக்கிறது.
உருளைக்கிழங்கின் கண்ணை அதில்தான் நோண்டுவேன்.
போர்க்கத்தி என்பார் அப்பா.
பிள்ளைகள் நாங்கள் அதில்
ஜெர்மானிய ரத்தம் தேடியிருக்கிறோம்.

கட்டைவிரல் நீளம்.
ஆளைக் குத்தக் காணாது.
ஹெர்ரிங் மீனின் செவுளில் நுழைத்து ஒரு திருப்பு,
குடல் வெளியே. நிமிடத்துக்கு நாற்பது மீன்.
துணி சுற்றிய விரல்கள், வெட்டில் எரியும் உப்பு.
எங்கள் துறையில் அதைப் பிடித்தவர்கள் எல்லாரும் பெண்கள்.
என் கையில் எப்போதும் வழுக்கும்;
முனை தேய்ந்திருப்பது இடது கைக்காரியின் பக்கம்.
எங்கள் வம்சத்தில் இடது கை யாருக்கும் இல்லை.

கொடுத்தனுப்பினாளா,
கேட்டு வாங்கினானா,
சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனானா?
பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.
கணினியில் நான் வளர்க்கும் வம்ச மரத்திலும்
ஜெஸ்ஸிக்குப் பெட்டி கிடையாது.
மனைவியா, மகளா, தங்கையா என்று கேட்கிறது,
ஒன்றைச் சொல்லும்வரை உள்ளே விடாது.
அந்தக் கடிதக் கட்டு என்ன ஆயிற்று என்று
நீங்களும் கேட்க வேண்டாம்.
பார்பராவின் வீட்டில் அடுப்பு இருந்தது.

ஊர் திரும்பி, கத்தியைக் கழுவித் துடைத்து
மேசைமேல் வைத்தேன்.
பழைய தொலைபேசிப் புத்தகத்தில்
மோவட் என்று பதினோரு பேர்.
மூன்று எண்கள் உயிரோடில்லை.
நான்காவதில் ஒரு பெண்குரல்.
யார் என்று சொன்னேன்,
எங்கே வேலை என்றும், பதற்றத்தில்.

"மீன் விஷயமா?" என்றாள்.
இல்லை என்றேன்.
பிறகு, ஆமாம் என்றேன்.